ஜெபமாலையின் இரண்டாம் பாதி

இல்ல ஆன்ட்டி, நீங்க வார்டு நர்ஸ் மிஸ்ஸிகிட்ட சொன்னதுல தப்பே இல்ல. சண்டை பிடிக்கவா உங்கள வெளிய கூப்பிட்டேன்? எங்கப்பா சத்தம் எனக்கே தெரியும்லா. லிஃப்ட் கதவு திறக்கும்போதே கேட்குது. தரை துடைக்கிற மலாய்க்கார மக்சிக் கூட என்னப் பார்த்தா சிரிக்கிறாங்க.

குகநாதன் அங்கிள்தானே உங்க வீட்டுக்காரர்? கட்டில்ல பேரு பார்த்தேன். நெஞ்சத் திறந்து ஆபரேஷன் பண்ணிட்டு வந்து படுத்திருக்கிற மனுசன். அவரு கண்ண மூடுற நேரம் பார்த்து எங்கப்பா பட்டன் ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு ஆரம்பிச்சிடுறாரு. எனக்கு யாராச்சும் இப்படிப் பண்ணியிருந்தா மிஸ்ஸிகிட்டல்லாம் போயிருக்க மாட்டேன், நேரா வந்து ஃபோனப் பிடுங்கியிருப்பேன். உங்களுக்கு ரொம்பப் பொறுமை.

உட்காருங்க ஆன்ட்டி. ரெண்டு பேரும் தூங்குறாங்க, நான் பார்த்துட்டுத்தான் வந்தேன். கேன்டீன்ல காப்பி பூங்குஸ் பண்ணி, பையில கட்டி வாங்கிட்டு வந்தேன், உங்களுக்கும் சேர்த்துத்தான். சீனி கம்மி.

விஷயம் என்னன்னா, இன்னொரு தடவை கம்ப்ளைன் வந்தா அந்த ஃபோன வாங்கி கவுண்டர்ல வச்சிருவேன், வீட்டுக்குப் போறப்பதான் தருவேன்னு மிஸ்ஸி சொல்லிட்டாங்க. நியாயம்தான். ஆனா அப்பாவுக்கு வியாழக்கிழம ஆபரேஷன். அது வரைக்கும் மட்டும் அந்த ஃபோன் அவர்கிட்ட இருக்கணும். அதக் கேட்கத்தான் வந்தேன், கெஞ்சித்தான் கேட்குறேன்.

இயர்ஃபோனா? வாங்கிக் கொடுத்தாச்சு. காதுக்குள்ள எறும்பு போற மாதிரி இருக்குன்னு கழட்டி வீசிட்டாரு. அவருக்குப் பாதி காது போச்சு ஆன்ட்டி. பெக்கோக்ல பாமாயில் மில்லுல, பாய்லர் பக்கத்துலயே காலம் பூரா வேலை. வீட்டுல சும்மா பேசினாலே ரெண்டு வீடு தள்ளிக் கேட்கும்.

ஆமா, எங்கம்மாகிட்டதான் பேசுறாரு. சூசையம்மாள். சாயங்காலம் ஆச்சுன்னா ஜெபமாலை சொல்லணும், அவங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். நீங்க கோயிலுக்குப் போறவங்க, எங்க பழக்கம் தெரிஞ்சிருக்காது. முதல் பாதிய ஒருத்தர் சொல்லுவாங்க, ரெண்டாம் பாதிய இன்னொருத்தர் சொல்லி முடிக்கணும். ஒவ்வொரு மணி உருட்டும்போதும் அப்படித்தான். முதல் பாதி அப்பா, ரெண்டாம் பாதி அம்மா. சண்டை போட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த நாள்லயும், அம்மா அடுப்படியிலேர்ந்தே அந்த ரெண்டாம் பாதிய மட்டும் கத்திச் சொல்லி முடிச்சிரும். அப்புறம் மறுபடியும் பேசாது.

தனியாச் சொல்லலாம்லன்னா, அவரால முடியலையாம், பாதியிலேயே நிக்கிதாம். நான் பக்கத்துல உட்கார்ந்து மெதுவா பதில் சொல்லிப் பார்த்தேன். நீ சும்மா இரு எலைன், அம்மாவுக்கு ஃபோன் போடுறேன்னுட்டாரு.

அந்த நேரத்துல நீ எங்க போறேன்னு கேட்டுட்டீங்களா. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், உங்க மூஞ்சிய. அவரு ஃபோன எடுத்ததும் நான் பேக்கத் தூக்கிட்டு ஓடிருறேன், அடக்க வேண்டிய மகளே ஆளக் காணோம்னு உங்களுக்குக் கோவம். கேன்டீனுக்குப் போறேன்னு சொல்லிரலாம்னுதான் நினைச்சு வந்தேன். பொய் சொல்லிச் சொல்லி வாயே புளிச்சுப் போச்சு ஆன்ட்டி.

எங்கம்மா இல்ல. இறந்துட்டாங்க.

அப்பாவ இங்க சேர்த்த அதே வாரம். படுத்தவங்க எழுந்திரிக்கல. அப்பாகிட்ட சொல்லலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டோம். இவரு இப்ப இருக்கிற நிலைமைக்கு நெஞ்சு தாங்காது, ஆபரேஷன் முடியட்டும்னாரு. தம்பி டாரில் சிங்கப்பூர்லேருந்து ஓடி வந்தான். ரெண்டு பேரும் பேசி, சொல்ல வேணாம்னு முடிவு பண்ணோம். அப்பா நம்பருக்கு யாரும் போடாதீங்கன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சோம். இத்தன வருசம் கூட வாழ்ந்த மனுசனுக்கு முகத்தக் கூடக் காட்டாம அடக்கம் பண்ணிட்டோம். ஆபீஸ்ல ஒரு நாள் வேலை இருக்குப்பான்னு சொல்லிட்டுத்தான் நான் பெக்கோக் போனேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? அம்மாவ பஸ் பிடிச்சு இங்க வர வேணாம்னு சொல்லு, முட்டி வலிக்காரின்னாரு.

அம்மாவோட ஃபோன் என் பேக்குல கிடந்துச்சு. கல்லறைக் குழிப் பக்கத்துல பெட்டிய வச்சாச்சு, ஃபாதர் ஜெபம் சொல்றாரு, ஒரு இருமல் சத்தம் கூட இல்ல. அந்த நேரத்துல அது அலறுது ஆன்ட்டி. மாதா பாட்டு, ஃபுல் வால்யூம்ல. எல்லாரும் திரும்பிப் பார்க்குறாங்க. பக்கத்து வீட்டு ஐயாசாமி அங்கிள், அலமாக், இங்க கூடவா இந்தச் சனியன்னு வாய்விட்டே சொல்லிட்டாரு. எடுத்துப் பார்த்தா அப்பா.

அணைச்சிருக்கலாம். அணைச்சா விடாமப் போடுவாரு, அப்புறம் பயந்துருவாரு. வேலிப் பக்கமா ஓடிப்போய் எடுத்தேன். அம்மா தூங்குறாங்கப்பான்னு சொல்லத்தான் எடுத்தேன், சத்தியமா. வாயில வந்தது, என்னங்கன்னு.

எனக்கு அப்படியே அம்மா குரல். சின்ன வயசுலேருந்தே ஃபோன்ல யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அவரு காதுக்குச் சொல்லவே வேணாம். மருந்து கொடுத்தாங்கன்னா தூங்கிருவேன், இன்னிக்குச் சீக்கிரமே சொல்லிரலாம்னு அவரு பாட்டுக்கு ஆரம்பிச்சிட்டாரு. நானும் சொன்னேன். அங்க கயித்தப் பிடிச்சுப் பெட்டிய இறக்குறாங்க, டாரில் கைய ஆட்டி வா வான்னு கூப்பிடுறான், நான் வேலியப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாம் பாதி சொல்லிக்கிட்டு நிக்கிறேன். முடிச்சிட்டு வர்றதுக்குள்ள மூடிட்டாங்க. எங்கம்மாவுக்கு நான் ஒரு பிடி மண்ணு போடல ஆன்ட்டி.

அன்னையிலேர்ந்து தினமும் இதான். கீழ படிக்கட்டுத் திருப்பத்துல போய் உட்கார்ந்துக்குவேன். அவரு வச்சதும் கண்ணத் துடைச்சிட்டு மேல வந்து, அம்மா என்னப்பா சொன்னாங்கன்னு கேட்பேன். நான் சொன்னதையே எனக்குச் சொல்லுவாரு. தலைய ஆட்டிக்கிட்டு நிப்பேன். பாவிலா நான். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணத் திறந்ததும் அவர் கேட்கப்போறது அம்மாவத்தான். அப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்லுவேன்?

நேத்து ஜெபம் முடிஞ்சதும் சொல்றாரு, சூசை, இந்த எலைன் சரியில்ல, நான் ஜெபத்துக்கு ஃபோன எடுத்தா எழுந்து ஓடிருறா, நீ கொஞ்சம் கண்டிச்சு வையின்னு. சரிங்க, நான் கண்டிக்கிறேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

சொன்னதும் அவரு பேச்சு நின்னு போச்சு. லைன் கட்டாகல, மூச்சு விடுறது கேட்குது, பேசத்தான் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வச்சாரு. கீழ படிக்கட்டுல எனக்குக் குரல் மட்டும்தான் ஆன்ட்டி, முகம் தெரியாது. நீங்கதான் பக்கத்துக் கட்டில்ல உட்கார்ந்து அவரையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க. அப்ப அவரு முகம் எப்படி இருந்துச்சு? என் மனசுக்காகச் சொல்லாதீங்க, பார்த்ததச் சொல்லுங்க. பேசுறது அம்மாதான்னு எங்கப்பா நம்புறாரா?