பட்டம் இல்லாத பெண்டாட்டி

"ராஜாவே தாலி கட்டியும் அவ ராணி இல்லியாமே, அப்படியாக்கா?"

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் மதியப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சீருடையோடு இரண்டு பெண்கள். கேட்டவள் இளையவள். மூத்தவள் முன்பு ஒரு பழைய பாளையக்காரர் அரண்மனையில் வேலை பார்த்தவளாம்.

"நானும் மஞ்சுவும் ஒண்ணாத்தான் பெரிய ராணியம்மாவுக்குத் தலை வாரி, புடவை எடுத்துக் குடுத்து, கூடவே இருந்தோம். நான் கம்பெனிக்கு வந்துட்டேன். அவ அங்கயே இருந்தா. அந்தம்மா செத்த மறுவருசம் மகன் அவளையே கட்டிக்கிட்டாரு."

"சும்மாவா? பட்டம் கெடையாது, பொறக்கற புள்ளைக்கும் பாத்தியதை கெடையாதுன்னு சொந்தக்காரங்க எழுதி வாங்கிட்டாங்களாமே?"

"ஆமா. தேர்த்திருவிழாவுல அவரு பக்கத்துல நிக்கக்கூட உரிமை இல்ல. அதைப் பாக்கறதுக்குன்னே லீவு போட்டுட்டுப் போனேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். எங்களோடதான் கூட்டத்துல, வெயில்ல நின்னா. மேடையில அவருக்குப் பரிவட்டம் கட்டினாங்க. கட்டி முடிச்சதும் மனுசன் நேரா எறங்கி வந்து அவ பக்கத்துல நின்னுட்டாரு. தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் நகரல."

இளையவள் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரரும் வந்திருந்தாரா?"

"வந்தாரு. வெயில் தாங்கலன்னு டீக்கடையில போய் உக்காந்துட்டாரு."

மூத்தவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவளை ராணியாவே ஆக்கியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது, சுமதி."