மூடி திறந்த தொட்டி

மத்தியானம் இரண்டு மணி. என்ன முழிக்கிறீர்கள்? ராத்திரிதான் பேய்க்கு டூட்டி என்று எவன் சொன்னான்? நெருங்கி உட்காருங்கள். நம் சமையல்காரரின் மச்சானுக்கு நடந்தது இது. தப்பாகச் சொன்னால் அவரே திருத்தட்டும்.

சரக்குக் கப்பல். கரை மூன்று நாள் தொலைவில். மேல்தளத்தில் மூன்றே பேர்... மச்சான், அவன் கூட்டாளி, சீஃப் ஆபீசர். உள்ளே துரு தட்ட வேண்டும் என்று, ஆறு மாதமாக அடைத்துக் கிடந்த அடித்தொட்டியின் மூடியை மச்சான் அப்போதுதான் கழற்றினான். இருபத்து நாலு போல்ட். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது.

அடைத்த தொட்டிக்குள் துரு சும்மா இருக்காது. காற்றைத் தின்றுவிடும். இறங்குகிறவனுக்கு இரண்டு மூச்சு... ஆள் காலி. அதனால் முதலில் காற்றை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் இறக்கிச் சோதிக்க வேண்டும். சீஃப் கையிலிருந்த தாளில் ‘சோதித்தாயிற்று’ என்று டிக் அடித்திருந்தது. மீட்டரோ உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

“இறங்குடா, நேரமாவுது.”

“முதல்ல மீட்டர் இறங்கட்டும் சார். அப்புறம் நான்.”

“அடுத்த போர்ட்லயே பெட்டியோட இறக்கி விட்டுடுவேன்!”

“பெட்டியோட இறங்குறேன் சார். பெட்டிக்குள்ள படுத்துப் போக மாட்டேன்.”

சொல்லிவிட்டான். வீட்டில் கைக்குழந்தை. வேலை போனால் அம்போ. ஆனாலும் அசையவில்லை.

அப்போது... டங். டங். டங்.

தொட்டிக்குள்ளிருந்து. துரு தட்டும் சுத்தியல் சத்தம்.

“பைப்பு சத்தம்டா அது” என்றார் சீஃப். அவர் குரலே சரியில்லை.

மச்சான் மீட்டரைப் பிடுங்கிக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டான். பாதி ஆழத்திலேயே அலாரம் கீ... கீ... என்று அலறியது. பிறகு சட்டென்று நின்றது. சுத்தியலும் நின்றது.

கயிற்றைக் கீழேயிருந்து யாரோ இரண்டு முறை வெட்டி இழுத்தார்கள்.

“ஐயோ, விட்டுடுடா!” கூட்டாளி கத்தினான்.

“விடுறதா? புடிடா நீயும்!”

இழுத்தார்கள். அப்பப்பா, என்ன கனம்! ஒரு ஆள் கனம். உள்ளங்கை தோல் உரிந்தது. விளிம்புக்கு வந்ததும் கனம் போய்விட்டது. கயிற்று நுனியில் மீட்டர் இல்லை. ஆளைத் தூக்கப் போடுகிற முடிச்சு. இடுப்பளவு வளையம். வியர்வையில் நனைந்து, தொட்டால் சூடாக இருந்தது.

சீஃப் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தூக்கியாச்சேடா... ஆறு மாசம் முன்னாடி, போன டிரிப்லயே, உள்ள செத்த ரெண்டு பேரையும் தூக்கியாச்சே...”

மச்சானுக்கு ரத்தம் கொதித்தது. ரெண்டு பேர்! இந்த டிரிப்புக்குப் புதிதாக ஏறின ஒருத்தனுக்கும் சொல்லவில்லை. அன்றைக்கும் இதே போல ஒரு தாள், ஒரு டிக்.

டங். டங். மறுபடியும்.

“மூடு! மூடியைப் போடுடா!”

“மூட மாட்டேன்.” மச்சான் அந்த வளையத்தை அவிழ்க்காமல் உள்ளே இறக்கினான். மறுமுனையைச் சீஃப் கையில் திணித்தான். “ரெண்டு பேர்ல ஒருத்தன் மேல வந்துட்டான். இன்னொருத்தன் இருக்கான். இந்தத் தடவை நீங்க இழுங்க சார்.”

சுத்தியல் நின்றது. சீஃபின் கையில் கயிறு மெல்ல இறுகியது.