அக்கா தொடமாட்டா

இல்ல சார், வாயை மூடாதீங்க, அப்படியே இருக்கட்டும். பஞ்சு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கணும். ஆமா, ரெண்டு பக்கமும்தான். பேச வராது, பேசவும் வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்க, எனக்குப் போதும். இருபத்திரெண்டு வருஷமா வாயைத் திறந்து வெச்சிருக்கற ஆளுங்களோடவே காலம் தள்ளிட்டேன், கண்ணு அசைஞ்சாலே எனக்கு அர்த்தம் புரிஞ்சிடும். எங்க விட்டேன்? ஆங், யூபிஎஸ்.

அந்த மேசைக்கு அடியில கருப்பா ஒரு பெட்டி இருக்கு பாருங்க. தலையைத் திருப்பாதீங்க, கண்ணை மட்டும். அதேதான். கரண்ட் போச்சுன்னா அரை மணி நேரம் இந்தக் கம்ப்யூட்டரைத் தாங்கும். தாங்கினா மட்டும் போதுமா? பேட்டரி தீரப்போகுதுப்பான்னு கம்ப்யூட்டர் கிட்ட முன்னாடியே சொல்லணும், அது எல்லாத்தையும் ஒழுங்கா மூடி வெச்சிட்டுத் தானா அணையணும். இல்லன்னா பட்டுன்னு போயிடும். உள்ள பன்னெண்டு வருஷ எக்ஸ்ரே இருக்கு சார், இந்தத் தெருவுல பாதிப் பேரோட கடவாப்பல்லு அதுக்குள்ளதான் இருக்கு. அதனால பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல தூது போறதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர். விண்டோஸ் இல்ல, லினக்ஸ்ல ஓடுது. என் தம்பி போட்டுக் குடுத்தது.

கூடப் பொறந்த தம்பி. என்னைவிட ஆறு வயசு சின்னவன், கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. போன மாசம் பழைய பெட்டி செத்துப் போச்சு. புதுசு வாங்கிட்டு வந்து, பழசு மாதிரியே வயரைச் சொருகினேன். இந்த சாஃப்ட்வேர் அதை ஏறெடுத்தும் பார்க்கல. தம்பிக்குப் போன் போட்டா, அக்கா எதையும் தொடாதே, அடுத்த மாசம் நான் வரேன், அதுவரைக்கும் தொடாதே, சொல்றது புரியுதா, தொடாதேங்கறான். மூணு தடவை சொன்னான் சார். நான் யாரு? மனுஷன் வாய்க்குள்ள முடி மாதிரி இருக்கற நரம்பைத் தேடி எடுக்கறவ. நான் ஒரு பெட்டியைத் தொடக்கூடாதாம். அன்னைக்கே தொட்டேன்.

முதல் வேலையா அந்த சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு மறுபடி புதுசா போட்டேன். ஏன் போட்டேன்னு கேக்காதீங்க, மனசுக்குத் திருப்தியா இருந்துது. புதுசா போட்டது அசையவே இல்ல. மூணு நாள் சார். மதியம் சாப்பிடற நேரம் பூரா இங்கேயே உக்காந்து பார்க்கறேன். கடைசியில பார்த்தா ஒரு ஃபைல்ல, எந்த விதத்துல வேலை செய்யணும்ங்கற இடத்துல, எதுவும் செய்யாதேன்னு எழுதியிருக்கு. வரும்போதே அப்படித்தான் வருமாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லீவு எழுதிக் குடுக்கற ஆளை நான் பார்த்திருக்கேன், ஆனா கம்பெனியே லீவு குடுத்து அனுப்பினதை இப்பத்தான் பார்க்கறேன். சரின்னு மாத்தினேன். அப்பவும் அசையல. என்னடான்னா, சமக்குறிக்குப் பக்கத்துல ஒரு இடைவெளி விட்டுட்டேனாம். ஒத்தை இடைவெளி. உங்க பல்லு நடுவுல இருக்கற இடைவெளிக்கு நான் ஏதாவது சொன்னேனா சார்? இது சொல்லுது.

சிரிக்காதீங்க, பஞ்சு நழுவிடும்.

அப்புறம் தம்பி விட்டுட்டுப் போன பழைய காப்பி ஒண்ணு ஒரு ஃபோல்டர்ல இருந்துது. அதுல இருந்து ஃபைலையெல்லாம் எடுத்து இங்க போட்டேன். எல்லா அதிகாரமும் இருக்கற ரூட்டுங்கற பேர்ல, மகாராணி மாதிரி உள்ள போய்தான் போட்டேன். போட்டதும், அனுமதி இல்லைங்குது. யாருக்கு அனுமதி இல்ல? அந்த சாஃப்ட்வேருக்கே அனுமதி இல்லையாம், அதோட ஃபைலைப் படிக்க. நான் போட்டதால அதெல்லாம் என் சொத்தாயிடுச்சாம், அதுக்குன்னு தனியா ஒரு யூசர் இருக்காம், அந்த யூசர் வெளியில நின்னு கதவைத் தட்டிட்டு இருக்குதாம். பாவமா இருந்துது. சரி, எதுக்கு வம்புன்னு எல்லா ஃபைலுக்கும் ஏழு ஏழு ஏழு போட்டு, யார் வேணா படிக்கலாம், எழுதலாம்னு திறந்து விட்டுட்டேன்.

என்ன சார் கண்ணை இப்படி இறுக்கி மூடறீங்க, வலிக்குதா? இல்லையா? ஓ, ஏழு ஏழு ஏழுக்கா. அப்போ உங்களுக்கும் இதெல்லாம் கொஞ்சம் பழக்கம் போல. சும்மா கேட்டேன், நீங்க வாயை மட்டும் திறந்து வெச்சிருங்க.

திறந்து விட்டா சந்தோஷப்படணுமா வேண்டாமா? அதுவும் இல்ல. பாஸ்வேர்டு இருக்கற ஃபைலை ஊரே படிக்கலாம் போல இருக்கேன்னு புகார். சரின்னு பூட்டினேன். பூட்டினா மறுபடி அனுமதி இல்ல. எங்க மாமனார் இப்படித்தான், ஜன்னலைத் திறந்தா காத்து வருதும்பார், மூடினா காத்து வரலம்பார். அவரோட பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு இது ஒரு பொருட்டான்னு நானும் விடல. எதுக்கு இந்த யூசர் கீசர் எல்லாம்னு, அந்த சாஃப்ட்வேரையே ரூட்டா ஓடச் சொல்லிட்டேன். ஓடுச்சு சார். பேட்டரி நூறு, கரண்ட் இருக்கு, எல்லாம் பச்சை. நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லாருக்கு டாக்டரம்மா, வெளிய ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு ஒரு மணி நேரமா உக்காந்திருக்கார்னாங்க.

அந்த பாஸ்வேர்டு ஃபைலைப் பத்திச் சொல்ல மறந்துட்டேனே. திறந்தேன் இல்லையா, உள்ள தம்பி வெச்ச பாஸ்வேர்டு. என்ன தெரியுமா? அக்காதொடமாட்டா. சேர்த்து எழுதியிருக்கான், இங்கிலீஷ் எழுத்துல. நான் தொடமாட்டேன், தொட்டாத்தானே பார்ப்பேன்னு ஒரு தைரியம். எனக்குச் சிரிப்பும் வந்துது, சுருக்குன்னும் இருந்துது. அவனுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்ததே நான் சார். இப்ப அவன் என்கிட்ட பேசும்போது ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திப் பேசறான், அக்கா, அதுக்குப் பேரு, மவுஸுன்னு. குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி. வாய்விட்டுச் சொல்லல, ஆனா எனக்கு அது வலிக்குது. அந்தக் கோவத்துல இன்னைக்குக் காலையில பாஸ்வேர்டை மாத்திட்டேன். தொட்டுட்டாளேன்னு வெச்சேன். ஒரு ஃபைல்ல மாத்திட்டேன், இன்னொரு ஃபைல்லயும் அதையே வெக்கணும்னு யாரு கண்டா. அதுல இருந்து சாஃப்ட்வேரோட ரெண்டு பாதியும் உள்ளுக்குள்ளயே ஒண்ணை ஒண்ணு நம்ப மாட்டேங்குதுங்க.

கீச்சுன்னு கேட்டுதா? அதுதான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையில வந்து நிக்கும், யூபிஎஸ்ஸோட பேச்சு வார்த்தை இல்லன்னு.

ஆனா அது இன்னைக்குக் காலையில இருந்துதான். முந்தாநாள் வேற கூத்து. பேட்டரி எவ்வளவு குறைஞ்சா அணைக்கணும்னு ஒரு கணக்கு போடணும். நான் எதுக்கும் பத்திரமா இருக்கட்டும்னு தொண்ணூத்தஞ்சு போட்டேன். நல்லதுக்குத்தானே சார்? கரண்ட் ரெண்டு தடவை கண்ணடிச்சுது, பேட்டரி தொண்ணூத்து நாலுக்கு வந்துது, அவ்வளவுதான், ஆபத்து ஆபத்துன்னு கம்ப்யூட்டரை அணைச்சு, யூபிஎஸ்ஸையும் அணைச்சிடுச்சு. அந்த யூபிஎஸ்லதான் இந்த விளக்கையும் சொருகி வெச்சிருக்கேன். ஒரு பாட்டு வாத்தியார் நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலியில, பாதிப் பல்லுல. நர்ஸம்மா செல்போன் டார்ச்சைப் பிடிக்க, மீதியை முடிச்சேன். நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லல. சொல்ல வாயும் காலியா இல்ல.

அப்புறம் ரூட்டா ஓட விடறது மகா தப்புன்னு எங்கேயோ படிச்சேன். பயந்து போய் இன்னைக்குக் காலையில அதை எடுத்துட்டேன். எடுத்ததும் அந்த யூஎஸ்பி வயரைத் தொட அதுக்கு அனுமதி இல்ல. அதுக்குன்னு ஒரு சட்டம் எழுதி வெக்கணுமாம், இந்த நம்பர் பெட்டி வந்தா இந்த யூசர் தொடலாம்னு. உக்காந்து எழுதினேன் சார். பெட்டியோட நம்பரைப் பத்து தடவை சரி பார்த்துட்டேன். எழுத்துக்கு எழுத்து சரி. ஆனா அனுமதி இல்ல, அனுமதி இல்ல, அனுமதி இல்ல. கம்ப்யூட்டரை அணைச்சுப் போடலாம்னா எனக்குக் கை வரல. திரும்ப எழுந்திருக்கலன்னா?

என்ன கையைக் காட்டறீங்க? இழுக்கற மாதிரி. பிடுங்கணுமா? அட, அதெல்லாம் வேண்டாம் சார், நல்ல பல்லு, இன்னும் முப்பது வருஷம் வரும். மறுபடி சொருகற மாதிரி வேற காட்டறீங்க. பல்லைப் பிடுங்கி மறுபடி சொருகற வைத்தியம் நான் படிச்சதில்ல. கையை இறக்குங்க.

இதுல என்ன அவசரம்னு நினைக்கறீங்க இல்ல? நேத்து ராத்திரி போன்ல அவன், என்ன அக்கா, தொடாம இருக்கியான்னான். அந்தக் குரல் இருக்கே. நான் பட்டுன்னு, நானே எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன், உன் தயவு வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்படியா, நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு, நாலு மணிக்கு வந்து பார்க்கறேன்னான். வந்ததும் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும், சுவத்துல இருந்து பிளக்கைப் பிடுங்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். திட்டினா கூடப் பரவாயில்ல சார். சிரிப்பான். சிரிச்சிட்டு எங்க அம்மாவுக்குப் போன் போடுவான். அதுக்கப்புறம் எங்க வீட்டு விசேஷம் ஒவ்வொண்ணுலயும் இந்தக் கதைதான் ஓடும், நான் கிழவியாகற வரைக்கும். இப்ப மணி மூணு.

அதனால ஒரு சின்ன உதவி. இந்தத் திரையை இப்படி உங்க பக்கம் திருப்பறேன். மரத்துப் போனது வாய்தானே, விரல் நல்லாத்தானே இருக்கு? கீபோர்டை மார்பு மேல வெக்கறேன், கழுத்துல கட்டின துணி நழுவாம பார்த்துக்கங்க. சொல்ல வந்ததை அதுல அடிங்க. ம். ம். சட்டம், எழுதினா, போதாது. வயரை, பிடுங்கி, மறுபடி, சொருகுங்க. அய்யோ, நீங்க அதையா காட்டினீங்க? நான் பல்லுன்னு நினைச்சேனே. அதாவது வாசல்ல புதுசா காவலாளி போட்டா, ஏற்கெனவே உள்ள இருக்கற ஆளை அவன் கேக்க மாட்டான், வெளிய போயிட்டு உள்ள வந்தாத்தான் கேப்பான். அப்படித்தானே? நான் தேடிப் படிச்சதுல ஒருத்தனாவது இதைச் சொல்றானா பாருங்க.

இருங்க, குனிஞ்சு நானே பிடுங்கறேன். பிடுங்கியாச்சு. சொருகியாச்சு. நீங்க அடிங்க, அடிங்க. பாஸ்வேர்டு ரெண்டு இடத்துலயும் ஒண்ணா இருக்கட்டும். தொண்ணூத்தஞ்சை இருபது ஆக்கிட்டீங்களா? ஏழு ஏழு ஏழை எடுக்கறீங்களா, எடுங்க, எனக்கும் அது உறுத்திக்கிட்டுத்தான் இருந்துது. வந்துடுச்சு. பேட்டரி நூறு. கரண்ட் இருக்கு. இப்ப சுவத்துல இருந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கறேன், என் தம்பி மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். பேட்டரியில ஓடுதுன்னு அதுவே சொல்லுது சார். அதுவே சொல்லுது. அழுகை வருது எனக்கு, பார்க்காதீங்க.

என்ன, விரலால கன்னத்தைத் தட்டறீங்க? பல்லா? பல்லு எப்ப ஆரம்பிப்பேன்னா? அது ரெண்டரைக்கே முடிஞ்சுதே. நீங்க கண்ணை மூடிட்டு இருந்தீங்க, உங்களுக்குத் தெரியல. அழகா அடைச்சிருக்கேன். நீங்க உள்ள வந்ததும் நர்ஸம்மா உங்க சீட்டைக் கொண்டு வந்து நீட்டினாங்க, தொழில்ங்கற இடத்துல லினக்ஸ் நிர்வாகின்னு இருந்துது. ரெண்டு நாளா அப்படி ஒரு சீட்டுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம். நேத்து ஒருத்தர் கம்ப்யூட்டர்னு எழுதியிருந்தார், அவரை முக்கால் மணி நேரம் உக்கார வெச்சு எல்லாக் கதையும் சொன்னேன். கடைசியில பஞ்சை எடுத்தா, அவர் கம்ப்யூட்டர் மேசை செய்யற தச்சர்.

உஷ். மாடிப்படியில செருப்பு சத்தம். நாலுன்னா மூணரைக்கே வந்து நிப்பான், அவன் புத்தி அது. குடுங்க, அந்தக் கீபோர்டைக் குடுங்க. பஞ்சா? அதை இப்ப எடுக்க வேண்டாம் சார். பல்லுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லதான். என் தம்பி வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் அது அப்படியே உங்க வாயிலேயே இருக்கட்டும்.