இருபதடிக் குழாயின் கண்ணாடி

— கிலோ அறுநூறு. வெண்கலத்துக்கு அதுக்கு மேல அதியமான்கோட்டைல எந்தக் காயலான் கடைக்காரனும் குடுக்க மாட்டான், சோபனா.

— வெறும் வெண்கலமாங்க இது? பச்சியப்பண்ணே, இருபதடி தொலைநோக்கிக்குன்னே வார்த்த கண்ணாடிங்க. மலைமேல இருந்த வெள்ளக்காரச் சாமியாரு இதுல பாத்துத்தான் புதுசா ஒரு வால்நட்சத்திரத்தையே கண்டுபிடிச்சாரு.

— வால எடுத்தாந்தியா? சேத்து நிறுத்துடலாம்.

— கிண்டல் பண்ணாதீங்க. அவரு பங்களாவ இடிச்சப்ப, அங்க வேல பாத்த எங்க மாமனாருக்கு சம்பள பாக்கிக்குப் பதிலா குடுத்தது. போன வாரம் மியூசியத்துக்காரரு போட்டோவப் பாத்துட்டு எட்டு லட்சம்னு போன்ல சொன்னாரு. அந்த தைரியத்துலதான் எம்மவ வெண்மதிக்கு நர்சிங் சீட்டு போட்டோம். நாளைக்குப் பணம் கட்டலன்னா சீட்டு போயிரும்.

— அப்புறம் என்னா, அவருகிட்டயே குடுக்கறது.

— நேத்து வந்தாருங்க. துணிய வெலக்கிப் பாத்துட்டு தலையில கைய வெச்சுக்கிட்டாரு. எரநூறு வருசத்துக்கு முந்தி கையால போட்ட மெருகாம். கருப்பு படிஞ்சா பரவால்லியாம், அடியில மெருகு அப்படியே இருக்குமாம். இப்ப முழுக்கக் கீறலுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

— ஆரு கீறுனது?

— நாந்தான். நான் இங்க வெல கேக்க வந்தப்ப நீங்கதானண்ணே சொன்னீங்க, கருகருன்னு இருந்தா எவன் வாங்குவான், பொங்கலுக்குக் குண்டான் தேய்க்கற மாதிரி புளியும் செங்கத்தூளும் போட்டுத் தேயின்னு. கையெல்லாம் எரிய எரியத் தேய்ச்சேன்.

— நல்லாத்தான் தேய்ச்சிருக்க. மூஞ்சி தெரியுது பாரு.

— திரும்ப மெருகு போட எங்கியாச்சும் ஆளு இருப்பாங்க இல்லீங்களா? போட்டுக்கிட்டு அவர மறுபடி கூப்புடறேன்.

— வரமாட்டாரு. அவருக்கு வேண்டியது கெடச்சிருச்சு.

— என்னா கெடச்சிருச்சு?

— அந்தக் காலத்துல ஒரு குழாய்க்கு ரெண்டு கண்ணாடி வார்ப்பாங்களாம். ஒண்ண மெருகுக்கு எறக்குனா இன்னொண்ண மாட்டிக்குவாங்க. குழாயத் தேடிக்கிட்டு மொதல்ல என் கடைக்குத்தான வந்தாரு. டீ குடிச்சிக்கிட்டே எல்லாம் வெவரமா சொன்னாரு.

— எங்க வூட்டுல ஒண்ணுதான இருந்துச்சு?

— உன் மாமனாரு சவுரியப்பன் போன வருசம் குழாய என்கிட்ட எடைக்குப் போட்டாரு பாரு, அதோட அடிமூடின்னு ஒண்ணு வந்துச்சு, அதுதான் அந்த இன்னொண்ணு. நான் அதத் தொடக்கூட இல்ல. கருப்பாவே கெடந்துச்சு.

— அண்ணே, அவரு உங்க கடைக்கு வந்துட்டுப் போனதுக்கு அப்புறமாதான என்னயத் தேய்க்கச் சொன்னீங்க?

— ரெண்டும் நல்லா இருந்தா வெல பாதியாயிருமே, தாயி. வா, கணக்க முடிச்சிக்கலாம். உன்னுது அம்பத்தெட்டு கிலோ, முப்பத்தி நாலாயிரத்து எட்டுநூறு. எறக்குக்கூலி முந்நூறு போக, முப்பத்தி நாலாயிரத்து ஐந்நூறு. என்னுது எட்டு லட்சம், கழிவு ஒண்ணுமில்ல.