அண்டார்டிகாவில் ஒரு சுரேஷ்

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஏறிய தமிழ்த் தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ரயிலில் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியம் அவர்களுக்கு.

"அண்டார்டிகால ரெண்டு சீசன் கல்லு உடைச்சது நான். மலைக்குப் பேர் மட்டும் உங்களதா?"

"நானா கேட்டேன்? அவங்களா மவுண்ட் சுரேஷ்னு வெச்சா நான் என்ன பண்றது?"

எனக்குத் தலை சுற்றியது. பிறகு ஒருவாறு விளங்கியது. ஆளே இல்லாத அண்டார்டிகா மலைகளுக்குப் பெயர் சூட்டவும் ஒரு கமிட்டி உண்டு. அங்கே போய் ஆராய்ச்சி செய்தவரின் கடைசிப் பெயரைத்தான் அது பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் இந்தப் பெண் மாலதி சுரேஷ்.

"அது உன் லாஸ்ட் நேம்தானே, மாலு?"

"உங்க ஃபர்ஸ்ட் நேம்! நம்ம கார் மேல விழற ஸ்னோவையே நான்தான் தள்றேன்."

"சரி, அந்த ரேஞ்சுல வேற மலையா இல்ல? ஒண்ணுக்கு உன் பேரை வைக்கச் சொல்லு."

"நான் ஏறினது இதுலதான். மவுண்ட் மாலதின்னு மாத்தச் சொல்லி காலையிலயே மெயில் அனுப்பிட்டேன்."

அவர் முகம் வெளுத்தது.

"ஐயோ! என் புள்ள பேர்ல மலை இருக்குன்னு அம்மா மாம்பலம் பூரா சொல்லிட்டாங்க. இப்போ அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குளோபல் வார்மிங்ல உருகிடுச்சுன்னு சொல்லுங்க."