நாப்பது துண்டு

பெரியவர்: எழுதிக்குங்க டாக்டர். என் எச்சில் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியிருக்கு!

மகள்: அப்பா... வாயை மூடுங்க! டாக்டர், அதை எழுதாதீங்க.

டாக்டர்: எச்சில் வடியறதால என்ன பாதிப்புன்னுதான் கேட்டேன் ஐயா. யார் கல்யாணம்?

பெரியவர்: இதோ, இவளோடதுதான். மண்டபம் பிடிச்சு, பத்திரிகை அடிச்சு...

மகள்: பொய்! அது நின்னது வேற காரணம். இவர் வாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

டாக்டர்: சரிம்மா, அது இருக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு நனையும்?

பெரியவர்: நாப்பது!

மகள்: ஆறு.

பெரியவர்: முப்பது வருஷம் பஸ்ல எச்சில் தொட்டு டிக்கெட் கிழிச்ச வாய் இது. ஊத்து அப்படி! பக்கத்துல ரெண்டு ஏக்கர் இருந்தா நெல்லே...

மகள்: இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் போன டாக்டர் சிரிச்சுக்கிட்டே ‘வயசாச்சு’ன்னு எழுதி அனுப்பினார். இன்னைக்கும் அப்படியே திரும்பினா, இனிமே எங்கயும் கூட்டிட்டு வரமாட்டேன். சத்தியமா!

டாக்டர்: ஆனா... வந்து கால் மணி நேரமாச்சு. ஒரு சொட்டு காணோமே?

மகள்: அதான் எரியுது! வீட்டுல சட்டையெல்லாம் ஈரம். இங்க வந்தா மோவாய் காஞ்சு கிடக்கு!

டாக்டர்: வீட்டுலயும் இவ்வளவு பேசுவாரா?

மகள்: ...இல்ல. கல்யாணம் நின்னதுலேருந்து நாங்க அவ்வளவா பேசிக்கறதில்ல.

டாக்டர்: ஓ... ஐயா, தலையைக் குனிஞ்சு இந்தத் தாள்ல உங்க விலாசத்தைப் பத்து தடவை எழுதுங்க. பேசக்கூடாது.

பெரியவர்: தப்பு பண்ணின பையன் மாதிரியா? அந்தக் காலத்துல எங்க வாத்தியார்...

மகள்: அப்பா!

பெரியவர்: ...

மகள்: ...

டாக்டர்: பாத்தீங்களாம்மா?

மகள்: தாள்... நனையுது.

டாக்டர்: பேசும்போது இடையில முழுங்கிடறார். பேச்சு நின்னா முழுங்கறதும் நின்னுபோகுது. எச்சில் அதிகமா ஊறல, முழுங்கறதுதான் குறைஞ்சிருக்கு. எழுத்தையும் பாருங்க, போகப்போக எறும்பு மாதிரி சின்னதா ஆயிடுச்சு. இது வெறும் வயசு இல்ல. நரம்பையும் தொண்டையையும் இன்னைக்கே பாத்துடலாம்.

பெரியவர்: இப்பப் பேசலாமா?

டாக்டர்: பேசுங்க. முதல் கேள்வி இன்னும் காலியா இருக்கு. பாதிப்புன்னு என்ன போடட்டும்?

பெரியவர்: கல்யாணம்னு போடுங்க. மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக் குனிஞ்சேன் பாருங்க... அவன் ஷூ மேல ஒரு ஏரியையே இறக்கிட்டேன்!

மகள்: வெறும் ரெண்டு சொட்டு! அதுக்கு அவன்... அப்பா, அவன் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?

பெரியவர்: வாய்தான் ஒழுகுது. காதுக்கு என்ன கேடு? பக்கத்து ரூம்லதானே இருந்தேன்.

டாக்டர்: அம்மா? என்ன போடட்டும்?

மகள்: எழுதுங்க டாக்டர், அது நடந்ததுதான். ‘கல்யாணத்தன்னிக்கு உங்கப்பனை உள்ளயே பூட்டி வை’ன்னான். நிச்சயத்துக்கு அவன் போட்ட மோதிரத்தைக் கழட்டி, அவன் துடைச்சு வச்ச ஷூவுக்குள்ளயே போட்டுட்டேன்.