குட்டிக்கரணம் போடும் குச்சிகள்

ஒரு பச்சைக் குழந்தையின் உயிர் இரண்டு டீ விலைக்குக் கிடைக்கும், ஐயா. பழைய மருந்து, மலிவு. பேரம்கூட வேண்டாம்.

எங்கள் வீட்டில் எல்லோரும் கடைக்காரர்கள். சரக்கைக் கிளறிப் பார்க்காமல் விலை சொல்பவனை அப்பா கல்லாப் பக்கம் சேர்க்க மாட்டார். அந்தப் பழக்கத்தோடுதான் ஆஸ்பத்திரி லேபுக்கு வந்தேன். சாயம் ஏற்றினால் ஊதாவாக நிற்கும் குச்சிக் கிருமிகள் பல வகை. பெரும்பாலும் தோலில் கிடக்கும் சோம்பேறிகள். ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டு வரும். அதே வேஷத்தில் வரும் இன்னொன்று பச்சைக் குழந்தையின் மூளைக்குள் போய்விடும். பெராக்சைடு விட்டால் இரண்டுமே நுரைக்கும். ஒரு சொட்டு நீரில் விட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சோம்பேறி அசையாது, இது குட்டிக்கரணம் போடும்.

அந்தச் சோதனைக்கு ஒரு நாள் அவகாசம் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. கடைசியாகக் கேட்டபோது டாக்டர் வார்டு நடுவில் நின்று சொன்னார்: "யோவ் பூதக்கண்ணாடி, குச்சின்னா குப்பைன்னு எழுதிட்டுப் போய்யா. வித்தை காட்டாத." நர்சுகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு குழந்தையின் முதுகுத்தண்டு நீர் வந்தது. தட்டில் முளைத்ததைச் சொட்டில் கரைத்துப் பார்த்தேன். உருண்டன, நின்றன, மறுபடி உருண்டன. அழகாகத்தான் இருந்தது. டாக்டர் போட்டுக்கொண்டிருந்த விலையுயர்ந்த ஊசி இதை ஒன்றும் செய்யாது. கிருமியின் பெயரை எழுதியிருந்தால் அவரே அந்தப் பழைய மலிவு மருந்துக்கு மாற்றியிருப்பார்.

'தோல் கிருமி, கலப்படம்' என்று எழுதினேன். அவர் சொன்னபடியே.

ரிப்போர்ட் வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு தாயே வந்தாள்.

"அண்ணே, பயப்படற மாதிரி ஒண்ணுமில்லையே?"

"தோல்ல ஒட்டற அழுக்குதாம்மா."

"நல்லாயிருப்பீங்கண்ணே."

குழந்தை போன அன்று டாக்டர் முதல் தடவையாக என் அறைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நல்லாப் பாத்தியாய்யா?"

"குச்சின்னா குப்பைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

அவர் தலை தொங்கிப்போயிற்று. நான் ஒரு டீ சொன்னேன்.

கோபத்தில் செய்ததல்ல, ஐயா. அவர் எனக்குத் தர வேண்டியது ஒரு தலைகுனிவு. வாங்கிக்கொண்டேன், கணக்கு நேர். அந்தத் தாயா? அவளுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாதே.